"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்": மாற்றுப் பள்ளி பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே ஒரு வீட்டின் மாடியில் எங்கள் பள்ளி நடக்கிறது. 11 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் வேறு பள்ளிகளில் ஃபெயிலானவர்கள், பாதியில் நின்றவர்கள், "இவனை வேற எங்கயாவது சேர்த்துக்குங்க" என்று டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். சேர்க்க வரும் அம்மா அப்பாக்கள் கேட்பதில் பாதி ஒழுக்கத்தைப் பற்றி, பாதி படிப்பைப் பற்றி. இங்கே பாடம் எடுக்கும் நான், முதல் நாளில் வாயால் சொல்லும் பதில்களை இங்கே எழுத்தில் தருகிறேன். வீட்டில் போய் நிதானமாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இது சீர்திருத்தப் பள்ளியா?

இல்லை. பெரியவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். பையன்தான் படியேறும்போதே கேட்பான். "கெல்லீஸ்ல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று வீட்டில் மிரட்டிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கெல்லீஸில் இருப்பது அரசு கூர்நோக்கு இல்லம். வழக்கில் சிக்கிய சிறுவர்களை இளைஞர் நீதிக் குழுமத்தின் உத்தரவுப்படி தங்கவைக்கும் இடம் அது. எங்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது காலை 9 மணிக்கு வந்து மாலை 4 மணிக்கு வீட்டுக்குப் போகும் பகல் பள்ளி. தயவுசெய்து எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லி வீட்டில் பிள்ளையை மிரட்டாதீர்கள். அப்படி மிரட்டப்பட்டு வந்த பிள்ளை எங்களை நிமிர்ந்து பார்க்கவே ஒரு மாதம் ஆகிறது.

"மாற்றுப் பள்ளி" என்ற சொல்லுக்குச் சென்னையில் இரண்டு பொருள் உண்டு. 1973இல் அடையாறில் தொடங்கிய தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் அறக்கட்டளைப் பள்ளி, மான்டிசோரி பள்ளிகள் போன்றவை ஒரு வகை. அவற்றைப் பெற்றோர் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற கதவுகள் சாத்திய பிறகு வந்து சேரும் இடம் இன்னொரு வகை. நாங்கள் இரண்டாவது வகை. ஆனால் முதல் வகையிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடிப்பீர்களா?

அடிக்க மாட்டோம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்றும் வருகிறார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. தாங்கள் அடி வாங்கிப் படித்ததாக நம்புகிறவர்கள். பிள்ளை கைநழுவிப் போகிறானே என்று பதறுகிறவர்கள். அவர்களிடம் நான் சட்டத்தை முதலில் சொல்வதில்லை. "இதுவரைக்கும் எவ்வளவு அடி வாங்கியிருப்பான்?" என்று மட்டும் கேட்பேன். கணக்கே இருக்காது. அடி வேலை செய்திருந்தால் அவன் இன்றைக்கு எங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாடு கல்வி விதிகளில் பிரம்பை அனுமதித்த 51ஆம் விதியை 2003இலேயே திருத்திவிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. இதில் இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. வகுப்பு முன்னால் மார்க்கைப் படித்துச் சிரிக்கவைப்பது, சாதியையோ அப்பாவின் தொழிலையோ இழுத்துப் பேசுவது, மற்ற பிள்ளைகளைவிட்டுக் குட்டவைப்பது எல்லாமே அதில் அடங்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் ஆசிரியருக்கு அடிக்கும் உரிமை வந்துவிடாது. எந்தப் பள்ளியிலாவது நடந்தால் கல்வித் துறையின் 14417, சிறார் உதவிக்கான 1098 ஆகிய எண்களில் சொல்லலாம்.

அடி இல்லாவிட்டால் பயம் விட்டுப்போய் இன்னும் ஆட மாட்டானா?

முதல் இரண்டு மாதம் ஆடுவான். இதை மறைக்க விரும்பவில்லை. அடிக்குப் பழகிய பிள்ளை, அடி விழாத இடத்தில் "இங்கே எல்லை எங்கே இருக்கிறது" என்று தட்டித் தட்டிப் பார்ப்பான். அந்த இரண்டு மாதமும் ஆசிரியருக்குத்தான் சோதனை.

எங்கள் பள்ளியில் விதிகள் குறைவு. நேரத்துக்கு வர வேண்டும், இன்னொருவர் மேல் கை வைக்கக் கூடாது, இன்னொருவர் படிப்பதைக் கெடுக்கக் கூடாது, ஃபோன் காலையில் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கும் திங்கள்கிழமை ஒரு மாதிரி, வியாழக்கிழமை ஒரு மாதிரி இருக்காது. பிள்ளைகளைக் குழப்புவது கண்டிப்பு இல்லை, ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் கண்டிப்புதான். சார் நல்ல மூடில் இருந்தால் சிரிப்பார், வீட்டில் சண்டை என்றால் அறைவார் என்ற இடத்தில் பிள்ளை விதியைக் கற்றுக்கொள்வதில்லை, சாரின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறான்.

தப்பு நடந்தால் என்ன செய்வோம்? இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரம் தெரியாமல் இருக்காது. கேரமில் ரெட் போட்டால் மட்டும் போதாது, அடுத்து இன்னொரு காயையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ; போடாவிட்டால் ரெட் மறுபடி போர்டுக்கு வந்துவிடும். எங்கள் பிள்ளைகளே கண்டுபிடித்த பேச்சு இது: "ஸாரி சொன்னது ரெட்டு. ஃபாலோ எங்கே?" மன்னிப்புக் கேட்பதோடு முடியாது. உடைத்தால் சரிசெய்ய வேண்டும். ஒருவனைக் கேவலப்படுத்தினால், எத்தனை பேர் முன்னால் செய்தாயோ அத்தனை பேர் முன்னால் அதைத் திருத்த வேண்டும். சென்ற ஆண்டு இரண்டு பையன்கள் சண்டையில் ஒரு பெஞ்சின் காலை முறித்துவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தெருமுனைத் தச்சரிடம் தூக்கிப் போய், அவர் சொல்லச் சொல்ல ஒருவன் பிடிக்க ஒருவன் ஆணி அடித்து, மறுபடி மாடிக்குத் தூக்கி வந்தார்கள். போகும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். திரும்பும்போது மாடிப்படித் திருப்பத்தில் பெஞ்சு மாட்டிக்கொண்டதால், எப்படித் திருப்புவது என்று இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அனுப்புவது எங்களிடம் கடைசிப் படி. கத்தி போன்ற ஆயுதம் கொண்டுவந்தால், சின்னப் பிள்ளையைத் துன்புறுத்தினால் அன்றே பெற்றோரை வரவழைப்போம். தேவைப்பட்டால் சில நாள் தனியாக உட்காரவைத்துப் பாடம் எடுப்போம். ஆனால் "ஒரு வாரம் வராதே" என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தண்டனையே ஆகாது. அவர்கள் கேட்பதே அதுதான்.

படிப்பு ஏறாததற்கும் சேட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். தமிழ் வகுப்பில் மட்டும் அடங்க மாட்டான். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், மேசையைத் தட்டுவான், கானா பாடுவான். வெளியே போய் நில் என்று அனுப்பிவிடுவேன். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள்தான் கவனித்தேன், அவன் எப்போதும் ஒரே நேரத்தில்தான் ஆரம்பிக்கிறான். வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிப்போம். தன் முறைக்கு இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது கிள்ளுவான். வெளியே அனுப்பப்பட்டால் வாசிக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்ட அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்கு மேலாகப் பட்டது. மூன்று வாரமும் அவன் கேட்டதை நானே கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனது உறுத்துகிறது.

அவனுக்கு ஊரில் ஓடும் பஸ் எல்லாம் தெரியும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி எங்கெங்கே நிற்கும் என்று மூச்சு விடாமல் சொல்வான். பலகையில் இருக்கும் எண்ணைத்தான் அடையாளம் வைத்திருந்தான், ஊர்ப் பெயரை அவனால் படிக்க முடியாது. நிறுத்தங்களின் பெயரை அட்டைகளில் எழுதி, அவன் சொன்ன வரிசையில் தரையில் அடுக்கினோம். 'பெரம்பூர்', 'பெசன்ட் நகர்' இரண்டுமே 'பெ'வில் தொடங்குகின்றன. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'ப்'. இந்த இடத்தில்தான் அவன் ஐந்து வருடமாகத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். கொம்பு தனி எழுத்து இல்லை, பின்னால் வரும் எழுத்தோடு ஒட்டியது என்று யாரும் அவனுக்கு விரல் வைத்துக் காட்டவில்லை. அல்லது காட்டிய நாளில் அவன் வகுப்பில் இல்லை. கொம்பு பிடிபட்டதும் கெ, கே, கொ, கோ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிள்ளுவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், அது இல்லை.

எல்லாச் சேட்டைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. வீட்டில் குடி, அடிதடி, அம்மா இல்லாத வீடு, ராத்திரி தூக்கமில்லாத குடிசை என்று எத்தனையோ இருக்கும். பசியும் ஒரு காரணம்தான். எங்கள் பள்ளியில் சண்டைகள் பெரும்பாலும் பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் நடக்கின்றன என்பதை ஒரு ஆயாதான் சொன்னார். விசாரித்தால் பாதிப் பேர் காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பத்தரைக்குச் சுண்டல் கொடுக்கத் தொடங்கினோம். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிய ஊர் இது. பிள்ளையின் வயிற்றைப் பார்த்த பிறகு பாடத்தைப் பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

படிக்கவே தெரியாமல் எப்படி எட்டாவது வரை வந்தான்?

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் மூல விதி. 2019இல் நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது; 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்கலாம் என்று விதி கொண்டுவந்தது. தமிழ்நாடு பழைய முறையிலேயே தொடர்கிறது. "ஃபெயில் போட்டிருந்தால் படித்திருப்பான்" என்று பெற்றோர் சிலர் வருந்துகிறார்கள். என் அனுபவத்தில், ஃபெயில் போட்டிருந்தால் ஆறாவதிலேயே பட்டறைக்குப் போயிருப்பான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி அதே புத்தகத்தைத் திறந்து உட்கார்வதால் யாருக்கும் கொம்பு புரிந்துவிடாது. அவனை மேலே அனுப்பியதில் தப்பில்லை. அனுப்பும்போது விட்டுப்போனதைக் கூடவே சொல்லித்தர ஆள் வைக்காததுதான் தப்பு.

எந்த வகுப்பில் சேர்ப்பீர்கள்?

வகுப்பு என்று பலகை மாட்டுவதில்லை. முதல் இரண்டு வாரம் தமிழ் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு, கணக்கு மூன்றிலும் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தனித்தனியாகப் பார்ப்போம். ஒரே பிள்ளை கணக்கில் ஏழாம் வகுப்பிலும் தமிழில் இரண்டாம் வகுப்பிலும் இருப்பது சாதாரணம். காய்கறிக் கடையில் அப்பாவுக்கு உதவும் பிள்ளைகள் சில்லறைக் கணக்கை மனத்தில் போட்டுவிடுவார்கள், கடன் வாங்கிக் கழித்தலைத் தாளில் எழுதச் சொன்னால் திகைப்பார்கள்.

அதன்பின் அவரவர் படியிலிருந்து ஏறுவார்கள். இது நாங்கள் கண்டுபிடித்த முறை இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் இதே ஏணிப்படிதான் இருந்தது. அட்டைகள், தரையில் வட்டமாக உட்காருதல், பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை எல்லாம் அப்போது வந்தவை. அதன் வேர் ஆந்திரத்தில் உள்ள ரிஷி வேலி பள்ளி. எழுத்துக்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய வடிவங்களை விரலால் தடவவைக்கிறோம். அது மான்டிசோரி அம்மையாரிடமிருந்து வந்தது. அவர் 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தச் சாமான்கள் வசதியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று இன்று ஆகிவிட்டது. 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பில் அவர் முதல் பள்ளியைத் தொடங்கியது எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்களுக்குத்தான்.

13 வயதுப் பையனுக்கு அரிச்சுவடி கொடுத்தால் அவமானப்பட மாட்டானா என்று கேட்பீர்கள். படுவான். அதனால் அணில், ஆடு, இலை படம் போட்ட புத்தகத்தை அவன் கையில் தர மாட்டோம். பஸ் பலகை, டீக்கடை விலைப் பட்டியல், கால்பந்து அணிப் பட்டியல், சினிமா போஸ்டர் இவற்றிலிருந்து எழுத்தை எடுப்போம்.

எவ்வளவு நாளில் வாசிப்பான்?

தினமும் வந்தால் தமிழ் ஆறு மாதத்தில் ஓரளவு பிடிபடும். ஆங்கிலத்துக்கு அதைவிட அதிகம் ஆகும். "மூன்று மாதத்தில் சரளமாகப் படிக்கவைக்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் இடங்களை நம்ப வேண்டாம்.

டிஸ்லெக்சியாவாக இருக்குமோ?

புத்தி இருந்தும் எழுத்தைப் படிப்பதில் மட்டும் வரும் தடுமாற்றத்துக்குத்தான் டிஸ்லெக்சியா என்று பெயர். இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஒரு காலை போய்வந்ததோடு "படிப்பு வராத" பிள்ளை முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறோம். கண்ணாடி பவர் அவ்வளவு இருந்தது. அடுத்து, ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். சொல்லிக்கொடுத்தும், நன்றாகப் பேசிப் பதில் சொல்லும் பிள்ளை எழுத்தில் மட்டும் விடாமல் தடுமாறினால் பரிசோதனை அவசியம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது.

டிஸ்லெக்சியாவும் அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். இவை தானாக வராது; பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடிவருகிறார்கள். எட்டாவதிலேயே தொடங்குங்கள். "சான்றிதழ் வாங்கினால் பைத்தியம் என்று சொல்லுவாங்களே" என்று ஒரு அம்மா அழுதார். அது மனநோய் இல்லை, எழுத்தைப் பிரித்தறியும் வழி வேறாக இருப்பது என்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு எப்படி எழுதுவான்? சான்றிதழ் செல்லுமா?

இரண்டு வழி இருக்கிறது. சேர்ந்த முதல் வருடத்திலேயே எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் தெரிந்துவைத்திருங்கள்.

ஒன்று, தனித்தேர்வராக, அதாவது பள்ளி மாணவராக இல்லாமல் தனியாகப் பதிந்து எழுதும் மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துவது. அலுவலகம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், பழைய ஆட்கள் டி.பி.ஐ. என்று சொல்லும் வளாகத்தில் இருக்கிறது. ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 100க்கு 35 வேண்டும். அறிவியலில் எழுத்து 75, செய்முறை 25. செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து போய்வர வேண்டும். இதைத் தவறவிட்டுத் தேர்வுக்கு முதல் மாதம் அலைகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஒரு பாடம் போய்விட்டால் அந்தப் பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதினால் போதும்.

இரண்டாவது, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசு 1989இல் தொடங்கிய நிறுவனம். 14 வயது ஆகியிருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எங்கள் பிள்ளைகளுக்கு இதில் மூன்று வசதிகள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்: ஒரு மொழியோடு மனையியல், ஓவியம், வணிகம், தரவு உள்ளீடு போன்றவற்றைச் சேர்த்து ஐந்து பாடம் எடுக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு, வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. தேர்ச்சிக்கு 33 மதிப்பெண் போதும். வருடம் முழுக்க வீட்டில் செய்து தரும் ஒப்படைப்புக்கும் மதிப்பெண்ணில் பங்கு உண்டு.

இந்த வசதியில் ஒரு குழி இருக்கிறது. கணக்கும் அறிவியலும் வராது என்று இரண்டையும் விட்டுவிட்டுப் பத்தாவது பாஸ் செய்வது சுலபம். ஆனால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற ஐ.டி.ஐ. படிப்புகளுக்குப் பத்தாவதில் கணக்கும் அறிவியலும் இருக்க வேண்டும். ஏ.சி. மெக்கானிக் ஆக வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு நாங்கள் அவசரப்பட்டு ஓவியமும் மனையியலும் எடுத்துக்கொடுத்தோம். பாஸ் செய்தான், எல்லோரும் லட்டு சாப்பிட்டோம். பிறகு ஐ.டி.ஐ. விண்ணப்பத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவன் மறுபடி உட்கார்ந்து கணக்கும் அறிவியலும் எழுத வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பாடத்தைத் தேர்வு செய்வதற்கு முன் "பிறகு என்ன ஆகணும்?" என்று பிள்ளையிடம் கேட்டு எழுதிவைக்கிறோம். வெல்டர், வயர்மேன் போன்ற சில தொழில்களுக்கு எட்டாவது தேர்ச்சி போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழைக் கல்லூரிகள் ஏற்கின்றன. தமிழக அரசு வேலை என்று வரும்போது அது மாநிலச் சான்றிதழுக்கு இணையானதா என்று சிக்கல் எழுந்ததுண்டு. பிள்ளைக்கு அரசு வேலைக் கனவு இருந்தால் மாநிலத் தேர்வு வழியையே நான் சொல்வேன், ஒரு வருடம் கூடுதலாக ஆனாலும் சரி.

பழைய பள்ளியில் டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேண்டுமென்றே இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மேல் நடவடிக்கை எடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. வாய்ச் சண்டை வேண்டாம். தேதி போட்டு மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் வருகிறார்களா?

குறைவாகத்தான் வருகிறார்கள், அது எனக்குக் கவலை. பையன் பெஞ்சை உடைத்தால் பள்ளி நடுங்கும், அப்பாவை வரச் சொல்லும். பெண் படிக்கத் தெரியாமல் பின் பெஞ்சில் அமைதியாக இருந்தால் "நல்ல பொண்ணு, படிப்புதான் வரல" என்று விட்டுவிடுவார்கள். பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பாள், பிறகு எக்ஸ்போர்ட் கம்பெனி, பிறகு கல்யாணப் பேச்சு. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவோம். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி அமைதியாக ஒரு பிள்ளை இருந்தால் அவளையும் கூட்டிவாருங்கள்.

புகையிலை, போதைப் பழக்கம் இருந்தால் சேர்ப்பீர்களா?

சேர்ப்போம். பையில் இருப்பதை வாங்கி வைப்போம், பெற்றோருக்குச் சொல்வோம், அரசு மருத்துவமனை ஆலோசகரிடம் கூடவே போவோம். உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலத்தைப் பள்ளிக்கு 100 கஜத்துக்குள் விற்பதே குற்றம். விற்கும் கடை தெரிந்தால் பிள்ளையைத் திட்டும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

நாங்கள் ஃபோன் செய்தால் அவனை அடிக்காதீர்கள். அவன் நன்றாகச் செய்த நாளிலும் நாங்கள் ஃபோன் செய்வோம். முதல் தடவை அப்படி அழைத்தபோது ஒரு அம்மா, "என்ன சார் பண்ணிட்டான்?" என்று பதறினார். "இன்னைக்கு ஒரு பக்கம் முழுசா வாசிச்சாம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பள்ளியிலிருந்து வரும் ஃபோன் என்றாலே புகார்தான் என்று ஏழு வருடம் பழகியிருந்தார்.

அவன் காதுபடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஃபோனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஃபோனையும் கூடவே வையுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு ஒருவராவது வாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக அதை மாலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறோம்.

திரும்ப வழக்கமான பள்ளிக்குப் போக முடியுமா?

முடியும். 14 வயதுக்குள் என்றால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவும் சட்டம் சொல்கிறது. வாசிப்பு வந்த பிறகு அரசுப் பள்ளிக்குப் போனவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். போகும்போது நாங்களும் கூடப் போய் வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டு வருவோம்.

வேறு மாற்றுப் பள்ளி ஒன்று பார்த்திருக்கிறோம். எப்படித் தெரிந்துகொள்வது?

அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வராதீர்கள், வகுப்பைப் பாருங்கள். பார்க்கவிடாத இடத்தில் சேர்க்காதீர்கள். கடைசியாக ஒரு பிள்ளை தப்பு செய்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். "எங்கள் பிள்ளைகள் தப்பே செய்ய மாட்டார்கள்" என்பது பதில் இல்லை. எந்தத் தேர்வு எழுதவைக்கிறார்கள், பதிவு எண் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். பணம் கட்டியும் தேர்வுக்கே பதியாமல் பிள்ளையின் வருடத்தைத் தொலைத்த டுடோரியல் ஒன்றிலிருந்து எங்களிடம் வந்தவர்கள் உண்டு. முடிந்தால் கழிப்பறையைப் பாருங்கள். பிள்ளைகளை மதிக்கும் இடமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஆதார், பிறப்புச் சான்றிதழ், டி.சி. இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காகிதத்தைப் பிறகு சேர்ந்து தேடுவோம். ஒன்று மட்டும் மறக்காமல் வேண்டும்: பழைய பள்ளியில் அவன் எழுதிய நோட்டுப் புத்தகம், எவ்வளவு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எந்தப் பக்கம் வரை எழுதியிருக்கிறான், எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் படம் வரைய ஆரம்பித்தான் என்று அதில் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவோம்.